பஸ்ஸில் நீட்டிய எலுமிச்சம்பழம்

பஸ்ஸில் ஒருநாளும் வாந்தி எடுக்காத பிள்ளை அன்றைக்கு வாந்தி எடுத்தபோது, நான் ஏன் எலுமிச்சம்பழத்தை அவள் மூக்கருகே நீட்டினேன்?

நாலு மாதமாக இந்தக் கேள்வியோடுதான் இருக்கிறேன். பிள்ளைக் காம்பராவில் தொட்டிலை ஆட்டும்போது வருகிறது. மழையில் காயாத ஜேர்சிகளை அடுப்புக்கு மேலே கொடியில் போடும்போது வருகிறது. பதில் மட்டும் வரவில்லை.

டிக்கோயாவுக்கு மேலே ஒரு தோட்டத்தில், கொழுந்தெடுக்கப் போகிற தாய்மாரின் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் பிள்ளைக் காம்பராவுக்கு நான் பொறுப்பு. உயர்தரம் வரை படித்தேன். முப்பத்தொரு வயது. கணவர் கொழும்பில் கடையொன்றில் வேலை செய்கிறார், மாதத்துக்கு ஒருமுறை வருவார். ஒரே மகள், பன்னிரண்டு வயது. குழந்தைகளோடு வேலை செய்வதால் எனக்கு முதலுதவிப் பயிற்சி கொடுத்திருக்கிறார்கள். அந்தச் சான்றிதழைச் சட்டம் போட்டு மாட்டியதுதான் நான் செய்த முதல் பிழை. அதைப் பார்த்துத்தான் கோச் சேர் என்னிடம் வந்தார்.

போன வருடம் எங்கள் பாடசாலையில் பெண் பிள்ளைகளுக்கு றக்பி லீக் தொடங்கினார்கள். கோச் சேர் டவுன்காரர், இளம் வயது, எப்போதும் தொண்டை கட்டியிருக்கும். ஒரு பக்கத்துக்குப் பதின்மூன்று பேர். பந்தோடு ஓடி வருகிறவளைக் கட்டிப் பிடித்து விழுத்த வேண்டும். பந்தை எதிர்ப்பக்கக் கோட்டைத் தாண்டிக் கொண்டுபோய்த் தரையில் வைத்தால் அது ட்ரை. ஆறு தடவை பிடிபட்டால் பந்து மற்றப் பக்கத்துக்குப் போய்விடும். விளையாட்டு இவ்வளவுதான் என்று அவர் சொன்னார். விழுத்த வேண்டும் என்ற இடத்திலேயே என் மனது நின்றுவிட்டது.

"புள்ளைங்க விழுந்துதான் பழகணும் மிஸ்," என்றார். "ஆனா அடிபடாம விழணும். அதுக்குத்தான் நீங்க வேணும்."

மகள் முதல் நாளே பெயர் கொடுத்துவிட்டு வந்திருந்தாள். வேண்டாம் என்று சொல்லவும் எனக்குத் தைரியமில்லை, போ என்று விடவும் தைரியமில்லை. கூடவே போய் நிற்பது என்று முடிவு செய்தேன். இப்போது யோசித்தால் அது முடிவே இல்லை, ஒத்திப்போட்டதுதான்.

எங்கள் கிரவுண்டில் திருவிழாவுக்குத் தேர் கட்டுவார்கள், லொறி திருப்புவார்கள், பையன்கள் கிரிக்கெட் ஆடுவார்கள். மண்ணைவிடக் கல் அதிகம். முதல் இரண்டு கிழமையும் நாங்கள் விளையாடவே இல்லை. பிள்ளைகளை ஒரு வரிசையில் நிறுத்தி, இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் வரை கல்லும் போத்தல் ஓடும் பொறுக்கினோம். பழைய சாக்குகளில் மானாப் புல்லை அடைத்துத் தைத்தோம். அந்த மூட்டைகளைக் கட்டிப் பிடித்துத்தான் முதலில் விழுந்து பழகினார்கள். எடைக்கு எடை பார்த்து ஜோடி சேர்க்கச் சொன்னேன், சேர் ஒத்துக்கொண்டார். பிடிக்கும்போது தலையை ஓடி வருகிறவளின் முன்னால் கொடுக்காமல் பின்பக்கமாக வைப்பதை அவர் நூறு தடவை செய்ய வைத்தார்.

"மாட்டுக்கு முன்னால போய்த் தலையக் குடுப்பியா? கொம்பு அங்கதான் இருக்கு! பின்னால போ, பின்னால!" என்று கத்துவார்.

"அப்ப நாங்க மாடா சேர்?" என்று அணியிலேயே உயரமான பிள்ளை கேட்பாள். அவள்தான் இவர்களுக்குத் தலைவி மாதிரி. மகளுக்கு அவள் சொன்னதுதான் வேதம்.

பல்லைக் காக்க வாய்க்குள் வைக்கும் மவுத்கார்ட் வந்த அன்றைக்குப் பிள்ளைக் காம்பராவில் ஒரே சிரிப்பு. அதைச் சுடுதண்ணீரில் போட்டு எடுத்து, இளகியிருக்கும்போதே கடித்து அளவு எடுக்க வேண்டும். பால் காய்ச்சும் சட்டியில்தான் தண்ணீர் வைத்தேன். பதினைந்து பிள்ளைகள் வாயைப் பிதுக்கிக்கொண்டு வரிசையாக உட்கார்ந்திருக்க, குழந்தைகளெல்லாம் தங்களுக்கும் வேண்டும் என்று அழுதார்கள். பின்னேரம் குழந்தையைக் கூட்டிப்போக வந்த உயரமான பிள்ளையின் அம்மா வாசலில் நின்று பார்த்தார்.

"என்னா தங்கச்சி இது, வாயக் கட்டிப் போட்டிருக்கீங்க?"

"பல்லு உடையாம இருக்க அக்கா. போட்டா சரியாப் பேச வராது."

"அப்படின்னா எனக்கும் ஒண்ணு குடுங்க. வீட்டுக்கார மனுஷனுக்கு."

அந்த நாட்களில் நான் நன்றாகத்தான் செய்கிறேன் என்று நினைத்தேன். ஒரு கொப்பியும் வைத்தேன். பயிற்சி முடிந்ததும் ஒவ்வொருத்தியையும் கூப்பிட்டு, "எங்கயாவது வலிக்குதா?" என்று கேட்பேன். வலிக்கிறது என்றால் எழுதுவேன். கொப்பியில் எழுதப்பட்டவள் அந்தக் கிழமை மேட்சில் இறங்கக்கூடாது. இந்த விதியை யாரும் எனக்குச் சொல்லித் தரவில்லை. நானே போட்டேன். காயத்தோடு ஆடினால் சின்னக் காயம் பெரிதாகும் என்ற பயம்.

முதல் மாதம் கொப்பியில் நிறைய எழுதினேன். விரல் சுளுக்கு, கணுக்கால், தோள். இரண்டாம் மாதம் குறைந்தது. மூன்றாம் மாதம் வெறும் பக்கம். கோச் சேர் அதைப் புரட்டிப் பார்த்து, "பாருங்க மிஸ், கல்லு பொறுக்கினதுக்குப் பலன்," என்றார். எனக்கு அன்றைக்குச் சோறு நன்றாக இறங்கியது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை நுவரெலியாவில் மேட்ச். மூடுபனி விலகவே பத்து மணியாகிவிட்டது. புல் ஈரம். இரண்டாம் பாதி தொடங்கிக் கொஞ்ச நேரத்தில், மற்ற அணியின் பெரிய பிள்ளை ஒருத்தி பந்தோடு வந்தாள். மகள் குனிந்து போனாள். நூறு தடவை பழகியும் அந்த நேரத்தில் தலை முன்பக்கம் போய்விட்டது. அந்தப் பிள்ளையின் இடுப்பெலும்பு இவள் காதுக்கு மேலே பட்டது. இரண்டு பேரும் விழுந்தார்கள். மகள் உடனே எழுந்தாள். எழுந்து என்னைப் பார்த்துச் சிரித்தாள்.

தண்ணீர்ப் போத்தலோடு ஓடினேன்.

"வலிக்குதா?"

"இல்லம்மா."

பயிற்சியில் சொன்னபடி மூன்று கேள்வி கேட்டேன். இப்போது எந்த கிரவுண்டில் இருக்கிறோம்? கடைசியாக ட்ரை போட்டது யார்? இது முதல் பாதியா, இரண்டாம் பாதியா? மூன்றுக்கும் தடுமாறாமல் பதில் சொன்னாள். உயரமான பிள்ளை பக்கத்தில் நின்று, "அவளுக்கு ஒண்ணுமில்ல மிஸ், போங்க போங்க," என்றாள்.

சந்தேகம் வந்தாலே போதும், வெளியே எடுத்துவிட வேண்டும் என்றும் அதே பயிற்சியில் சொல்லித் தந்திருந்தார்கள். எனக்குச் சந்தேகம் இருந்தது. ஆனால் எனக்கு எப்போதும் சந்தேகம்தான். அடுப்பை அணைத்தேனா, கதவைப் பூட்டினேனா என்று பாதி வழியில் திரும்பிப் போகிறவள் நான். எது உண்மையான சந்தேகம், எது என் சுபாவம் என்று பிரித்துப் பார்க்க எனக்குத் தெரியவில்லை. தன் பிள்ளையை மட்டும் பொத்திப் பொத்தி வைக்கிறாள் என்று மற்றத் தாய்மார் சொல்லிவிடுவார்களோ என்ற யோசனையும் ஓடியது. கோட்டுக்கு வெளியே வந்தேன். அவள் கடைசி வரை ஆடினாள்.

திரும்பி வரும்போது எல்லாப் பிள்ளைகளும் பாடிக்கொண்டு வந்தார்கள். மகள் ஜன்னலில் சாய்ந்திருந்தாள். நானுஓயா தாண்டி, தலவாக்கலைக்குக் கொஞ்சம் முன்னால் வாந்தி எடுத்தாள். எங்கள் மலைப்பாதையில் பஸ்ஸில் வாந்தி எடுப்பது ஒரு செய்தியே இல்லை. ஏறும்போதே பையில் எலுமிச்சம்பழமும் பொலித்தீன் பையும் வைத்துக்கொண்டுதான் ஏறுவோம். அன்றைக்கும் அவளுக்கு முன்னால் இரண்டு பிள்ளைகள் எடுத்திருந்தார்கள். நான் பழத்தை நகத்தால் கீறி அவள் மூக்கருகே வைத்து, "மோந்து பாரு, சரியாகிடும்," என்றேன்.

சரியாகிவிட்ட மாதிரித்தான் இருந்தது. வீட்டுக்கு வந்ததும் படுத்துவிட்டாள். விளையாடிய களைப்பு என்று நினைத்தேன்.

திங்கள் காலையில் பாடசாலைக்கு வெளிக்கிட்டவள் கண்ணாடி முன்னால் வெகு நேரம் நின்றாள். போய்ப் பார்த்தேன். டை கட்டிக்கொண்டிருந்தாள். முடிச்சு வரவில்லை. அவிழ்த்தாள், மறுபடி சுற்றினாள், வரவில்லை. ஆறாம் வகுப்பிலிருந்து கண்ணை மூடிக்கொண்டு கட்டுகிறவள்.

"அம்மா, இது எப்படி வரும்?" என்று கேட்டாள். வாசல் வெளிச்சத்துக்குக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு கேட்டாள்.

அவளுடைய பையைக் கழற்றி வைத்துவிட்டு, பிள்ளைக் காம்பராவுக்கு வரமாட்டேன் என்று சொல்லி அனுப்பிவிட்டு, கீழே றோட்டுக்கு இறங்கி ஒரு ஓட்டோவைப் பிடித்தேன். ஆஸ்பத்திரியில் இளம் டொக்டர் ஒருவர் பார்த்தார். சிங்களப் பெண்பிள்ளை, தமிழை நிறுத்தி நிறுத்திப் பேசினார். கண்ணில் வெளிச்சம் அடித்தார், ஒற்றைக் காலில் நிற்கச் சொன்னார், சில சொற்களைச் சொல்லித் திருப்பிச் சொல்லச் சொன்னார். மகள் ஐந்தில் இரண்டைத்தான் சொன்னாள்.

"வாந்தி எடுத்ததா?"

"ஒருக்கா, டொக்டர். பஸ்ஸுல. அந்த வளைவுகள்ல..." என்றேன்.

"வளைவுல இல்லம்மா," என்றாள் மகள். "பஸ் நின்னுக்கிட்டு இருந்திச்சு."

அப்போதுதான் ஞாபகம் வந்தது. முன்னால் ஒரு லொறி குறுக்கே நின்றதால் பஸ் நிறுத்தப்பட்டிருந்தது. டிரைவர் இறங்கிப்போய்ப் பார்த்துக்கொண்டிருந்தார். நிற்கிற பஸ்ஸில்தான் என் பிள்ளை வாந்தி எடுத்தாள். நிற்கிற பஸ்ஸில்தான் நான் பழத்தைக் கீறிக் கொடுத்தேன். டொக்டர் என்னைத் திட்டவில்லை. எழுதிக்கொண்டே, "அடுத்த முறை உடனே கொண்டு வாங்க," என்றார். அடுத்த முறை என்ற சொல்தான் இன்னும் காதில் இருக்கிறது.

மண்டைக்குள் மூளை குலுங்கியிருக்கிறது என்றார்கள். இரண்டு நாள் ஆஸ்பத்திரியில் வைத்துப் பார்த்தார்கள். பிறகு வீட்டில் ஓய்வு. போனும் டிவியும் வேண்டாம். கொஞ்சம் தெளிந்ததும் அரை நாள் பாடசாலை, அப்புறம் முழு நாள். நடை, மெல்லிய ஓட்டம், பந்து. ஒவ்வொரு படியிலும் தலைவலி வந்தால் ஒரு படி இறங்க வேண்டும். கட்டிப் பிடித்து விழுத்துவது எல்லாவற்றுக்கும் கடைசியில், அதுவும் டொக்டர் பார்த்துச் சொன்ன பிறகு.

வீட்டுக்கு வந்து சில நாள் கழித்துக் கேட்டேன். "ஏன் அன்னைக்கே சொல்லல?"

"நீங்க வலிக்குதான்னுதான் கேட்டீங்க. வலிக்கல. தலைக்குள்ள தண்ணி ஆடுற மாதிரி இருந்திச்சு."

"அப்புறம் மூணு கேள்விக்கும் எப்படிச் சரியாச் சொன்ன?"

"நீங்க எப்பவும் அதே மூணுதானேம்மா கேப்பீங்க. அந்த உயரமான அக்காதான் எங்க எல்லாருக்கும் சொல்லிக் குடுத்திருக்கு. யாராவது ட்ரை போட்டா உடனே எல்லாரும் சத்தமாப் பேரச் சொல்லணும். அடிபட்டவளுக்கு மறந்துடக் கூடாதுன்னு."

ட்ரை போடும்போதெல்லாம் அவர்கள் கூடிக் கத்தியதைச் சந்தோஷம் என்று நினைத்து நானும் கை தட்டியிருக்கிறேன்.

அந்த வாரம் உயரமான பிள்ளையின் அம்மா ஒரு பப்பாசிப் பழத்தோடு பார்க்க வந்தார். வந்ததும் வராததுமாக, "எம் புள்ளதான் அந்த வேலையெல்லாம் செஞ்சிருக்கா தங்கச்சி. ரெண்டு போட்டேன்," என்றார்.

"அடிக்காதீங்க அக்கா."

"அடிச்சிட்டு யோசிச்சேன். அவளுக்கு யாரு சொல்லிக் குடுத்தது? நான்தான்." வலது கைப் பெருவிரலைக் காட்டினார். நகத்துக்குக் கீழே பழைய தழும்பு. "போன வருஷம் குச்சி கிழிச்சிருச்சு. துணியச் சுத்திக்கிட்டுப் பின்னேரம் வரைக்கும் கொழுந்து எடுத்தேன். கங்காணிகிட்ட காட்டினா என்னா சொல்லுவாங்க? மருந்துக்குப் போன்னு எறக்கி விடுவாங்க. எறங்கினா அரப்பேருதான். அத வீட்டுல சொல்லிச் சிரிச்சேன். அவ கேட்டுக்கிட்டு இருந்திருக்கா." பிறகு என்னைப் பார்த்து, "நீங்களும் அதத்தானே செஞ்சீங்க? சொன்னவள எறக்கி விட்டீங்க. அப்புறம் எவ சொல்லுவா?" என்றார்.

அரைப்பேர் என்றால் என்ன என்று எனக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. பாதியில் மலையை விட்டு இறங்கினால் பாதி நாள்தான் வேலை செய்ததாகக் கணக்கு. என் அம்மாவும் குளவி கொட்டி வீங்கிய முகத்தை முக்காட்டால் மறைத்துக்கொண்டு கொழுந்து நிறுக்கும் வரை நின்றவர்தான். பக்கத்தில் நின்றுதான் நான் வளர்ந்தேன். படித்து வந்து, சான்றிதழ் மாட்டி, அதே மேற்பார்வையை ஒரு கொப்பியோடு பிள்ளைகளுக்குச் செய்திருக்கிறேன். மூன்றாம் மாதத்து வெறும் பக்கம் கல் பொறுக்கியதன் பலன் இல்லை. எல்லோரும் பெருவிரலில் துணி சுற்றிக்கொண்டு ஆடியிருக்கிறார்கள்.

கோச் சேரிடம் போய்ப் பேசினேன். பிறகு விதியை மாற்றினோம். காயம் என்று சொன்னவள் ஆடமாட்டாள். ஆனால் அவளுக்கும் ஜேர்சி உண்டு, பஸ்ஸில் இடம் உண்டு, சுகமானதும் அவளுடைய இடம் அவளுக்கே. தன் காயத்தைத் தானே சொல்வது கஷ்டம் என்பதால், கொழுந்து மலையில் பக்கத்து நிரைக்காரியைப் பார்த்துக்கொள்கிற மாதிரி, ஒவ்வொருத்திக்கும் இன்னொருத்தி பொறுப்பு. என் மகளுக்கு உயரமான பிள்ளை. கேள்விகளை ஒவ்வொரு மேட்சுக்கும் மாற்றுகிறோம். பதில் சரியாக இருந்தாலும் தலையில் பட்டால் அன்றைக்கு மறுபடி இறங்குவதில்லை. பெற்றவள் தன் பிள்ளையைப் பார்த்து முடிவு சொல்லக்கூடாது, சேர்தான் சொல்ல வேண்டும். இந்தக் கடைசி விதியை நானே கேட்டு வாங்கினேன்.

முதல் கிழமையே கொப்பியில் இரண்டு பக்கம் நிறைந்தது. பழைய காயம், புதுக் காயம், வீட்டில் தண்ணீர் தூக்கி வந்த தோள்வலி எல்லாம். சேர் புரட்டிப் பார்த்துவிட்டு, "மிஸ், எல்லார் பேரும் இருக்கே, இது காயக் கொப்பியா, வரவு இடாப்பா?" என்றார். சிரித்தோம். ஆனால் அடுத்த மேட்சுக்குப் பதின்மூன்று பேர் தேறவில்லை. போகாமலே விட்டோம். பிள்ளைகள் இரண்டு நாள் என்னோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. ஒரு தாய் பிள்ளைக் காம்பரா வாசலில் நின்று, "எல்லாத்தையும் நோயாளியாக்கிட்டீங்க," என்று சொல்லிவிட்டுப் போனார். அவர் சொன்னதில் கொஞ்சம் உண்மை இருக்கிறதோ என்று இப்போதும் யோசிக்கிறேன். நிறைந்த பக்கத்தைப் பார்த்தாலும் பயமாக இருக்கிறது, வெறும் பக்கத்தைப் பார்த்தாலும் பயமாக இருக்கிறது. களைத்துப்போய்விட்டேன்.

போன கிழமை டொக்டர் மகளை மறுபடி பார்த்தார். ஐந்து சொற்களையும் சொன்னாள், ஒற்றைக் காலில் ஆடாமல் நின்றாள். விளையாடலாம் என்று எழுதிக் கொடுத்தார். பாடசாலையின் அடுத்த தவணையில் விளையாடுவதற்கான சம்மதப் படிவம் அலமாரியில், அவளுடைய மவுத்கார்ட் பெட்டிக்குக் கீழே இருக்கிறது. என் கையெழுத்து மட்டும்தான் பாக்கி. கணவரிடம் போனில் கேட்டால், "நீதானே பக்கத்துல இருக்க, நீயே பாத்துச் செய்," என்கிறார்.

"இனிமே சொல்லுவேம்மா," என்கிறாள் மகள். நம்பத்தான் ஆசை. முந்தாநாள் குடத்தை இறக்கும்போது அவள் முகம் ஒரு நொடி சுருங்கியது.

"என்னா?" என்றேன்.

"ஒண்ணுமில்ல," என்றாள்.

ஒருவேளை உண்மையிலேயே ஒன்றுமில்லாமல் இருக்கலாம். நிறுத்தி வைத்தால், அடிபட்டதற்குத் தண்டனை இதுதான் என்று அவள் மறுபடி கற்றுக்கொள்வாள். அனுப்பினால், அன்றைக்குச் சிரித்த அதே சிரிப்பைக் கோட்டுக்கு வெளியே நின்று நான் பார்க்க வேண்டி வரும்.

இதை வாசிக்கிறவர்களில் விளையாடும் பிள்ளைகளைப் பெற்றவர்கள் இருப்பீர்கள், விளையாடி அடிபட்டு வளர்ந்தவர்களும் இருப்பீர்கள். வலியை மறைத்துப் பழகிய பிள்ளையை எப்படிக் கேட்டால் உண்மை சொல்லும்? நீங்கள் சின்ன வயதில் மறைத்திருந்தால், யார் என்ன கேட்டிருந்தால் சொல்லியிருப்பீர்கள்? தவணை தொடங்க இன்னும் கொஞ்ச நாள் இருக்கிறது. தெரிந்தவர்கள் எனக்கு எழுதுங்கள். அதுவரை படிவம் பெட்டிக்குக் கீழேயே இருக்கட்டும்.